ஹீமோகுளோபின் குறைந்ததும் இரும்பு மாத்திரையா? இரத்தச்சோகையின் வகைகளைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிட்டு, "இரத்தம் கம்மியா இருக்கு" என்று தாதி சொன்னால், நம் வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அன்று மாலையே பேரீச்சம்பழம் வந்துவிடும். பீட்ரூட் பொரியல் தொடங்கும். ஃபார்மசியில் சங்கோபியோனோ ஐபரெட்டோ, ஏதோ ஓர் இரும்பு மாத்திரை ஒரு டப்பா வாங்கியாகிவிடும். சில மாதம் கழித்துப் பார்த்தால் எண் நின்ற இடத்திலேயே நிற்கும். "எனக்கு உடம்புவாகு இப்படித்தான்" என்று சொல்லி அதோடு விட்டுவிடுவார்கள்.

இரத்தச்சோகையும் காய்ச்சலைப் போன்றதுதான்: உள்ளே ஏதோ நடக்கிறது என்று சொல்லும், என்ன நடக்கிறது என்று சொல்லாது. இரும்புக் குறைவு அதன் மிகப் பொதுவான காரணம். ஆனால் மலேசியாவில் அதை மட்டும் ஊகித்துக்கொண்டு மாத்திரை விழுங்குவது பல நேரங்களில் தப்பாகப் போகும். தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு) மரபணு பரவலாக உள்ள நாடு இது. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் நம் இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு சகஜம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவை ஒவ்வொன்றும் வேறு வகை இரத்தச்சோகையைத் தரும், வேறு வைத்தியம் கேட்கும். அதனால் முதலில் வகை, அப்புறம் மாத்திரை.

படி 1: உண்மையிலேயே குறைவுதானா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழ் இருந்தால் இரத்தச்சோகை. கர்ப்பிணிகளுக்கு 11. நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5 வரை ஏற்கலாம், ஏனென்றால் அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரித்து எண்ணைத் தானாகவே இறக்கிவிடும்.

இரத்த தான முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தானம் செய்யக் குறைந்தது 12.5 வேண்டும். 12.2 உள்ள பெண்ணுக்கு இரத்தச்சோகை இல்லை, கொடுப்பதற்குத்தான் போதவில்லை. ஆனாலும் எல்லையில் நிற்கிறோம் என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

2019 தேசிய உடல்நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே, அதன் களைப்பு இயல்பானதாகத் தோன்றிவிடுகிறது. எல்ஆர்டி நிலையப் படிக்கட்டில் மூச்சு வாங்குவது, மதியத்துக்கு மேல் தலை கனப்பது, முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் வயதையும் வேலையையும் சாட்டிவிடுகிறோம். முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும் நம் மாநிறத்தில் அதிகம் உதவாது. கண்ணின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். உள்ளங்கைக் கோடுகளையும் நாக்கையும் பாருங்கள்.

இன்னொரு அடையாளத்தைப் பெண்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள்: பச்சரிசியை வாயில் போட்டு மெல்வது, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, மண் வாசனைக்கு ஏங்குவது. இரும்புக் குறைவில் வரும் விசித்திர ஆசைகள் இவை. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

படி 2: எண் ஒன்று போதாது, முழுத் தாளையும் வாங்குங்கள்

விரல் குத்திப் பார்ப்பது வடிகட்ட மட்டுமே. அடுத்து வேண்டியது முழு இரத்தப் பரிசோதனை, இங்கே எல்லாரும் எஃப்பிசி என்கிறார்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். காத்திருக்கும் நேரம் வேறு கதை. முடிவு வந்ததும் தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கைப்பேசியில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். "நார்மல்தான்" அல்லது "கொஞ்சம் கம்மி" என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தால், அடுத்த மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தாளில் தேட வேண்டியவை நான்கு.

எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இயல்பு. வகை பிரிக்கும் முதல் முச்சந்தி இதுதான்: 80க்குக் கீழ் சிறிய அணு, 100க்கு மேல் பெரிய அணு, இடையில் இயல்பான அளவு.

எம்சிஎச், ஒவ்வோர் அணுவிலும் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று காட்டும். 27க்குக் கீழே போனால் இரும்புக் குறைவையும் தலசீமியாவையும் நினைக்க வேண்டும். ஆர்பிசி என்பது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. ஆர்டிடபிள்யூ, அணுக்கள் ஒரே அளவாக இருக்கின்றனவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைக் காட்டும்.

கூடவே வெள்ளணுவையும் தட்டணுவையும் பார்த்துவிடுங்கள். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றுமே சேர்ந்து குறைந்திருந்தால், இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். எலும்பு மஜ்ஜையில் சிக்கல் இருக்கலாம்.

படி 3: அணு சிறியதென்றால், இரும்பா தலசீமியாவா?

நம் நாட்டில் அதிகம் குழப்பும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டிலும் எம்சிவி இறங்கும், இரண்டிலும் ஹீமோகுளோபின் குறையலாம். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. இரும்புக் குறைவில் மூலப்பொருள் இல்லை, அதனால் அணுக்கள் சிறியதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் வரும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கு இரும்பு இருக்கிறது, ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலியைச் செய்யும் கட்டளையில்தான் குறை. அதனால் சிறிய அணுக்களை நிறையச் செய்து உடம்பு சமாளிக்கும்.

இந்த வித்தியாசத்தை வைத்து வில்லியம் மென்ட்சர் என்ற மருத்துவர் 1973ல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்: எம்சிவியை ஆர்பிசியால் வகுங்கள். 13க்குக் கீழ் வந்தால் தலசீமியாப் பக்கம், 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவுப் பக்கம். ஒருவருக்கு எம்சிவி 64, ஆர்பிசி 5.8 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 11. இன்னொருவருக்கு 72, 4.0. வகுத்தால் 18. முதலாமவருக்குத் தலசீமியாப் பரிசோதனையும் இரண்டாமவருக்கு இரும்புப் பரிசோதனையும் முதலில் வேண்டும். இது குறிப்புத்தான், தீர்ப்பில்லை. இரண்டு குறையும் ஒருவருக்கே இருந்தால் கணக்கு குழம்பிவிடும்.

இரும்பின் கையிருப்பைச் சொல்லும் பரிசோதனை ஃபெரிட்டின். ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல மருத்துவர்கள் 30க்குக் கீழேயே சிகிச்சையைத் தொடங்குவார்கள். காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்போது 50 என்று வந்தாலும் இரும்பு இருக்கிறது என்று நம்ப முடியாது.

தலசீமியாவுக்குச் செய்வது ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். இரும்பு மிகவும் குறைந்திருந்தால் ஏ2வும் இறங்கி உண்மையை மறைத்துவிடக்கூடும். அதனால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்வார்கள். ஆல்ஃபா தலசீமியா இந்தப் பகுப்பாய்வில் பெரும்பாலும் சிக்காது, மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

"அது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் வருவது" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடையே அதிகம் என்பது சரி. ஆனால் பீட்டா தலசீமியா இந்தியர்களிடமும் உண்டு. படிவம் 4 மாணவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு தலசீமியாப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016ல் தொடங்கியது. பிள்ளையின் பள்ளியிலிருந்து அந்தப் பாரம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். "மரபணு இருக்குன்னு தெரிஞ்சா கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று ஒளிப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. சுமப்பவர் நோயாளி இல்லை. சுமப்பவர் இருவர், அதிலும் ஒரே வகையைச் சுமப்பவர்கள், திருமணம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான வடிவம் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடுமையான வடிவம் என்றால் வாழ்நாள் முழுவதும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை நீக்க மருந்தும் வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் தம்பதியர் ஆலோசனை பெற்று முடிவெடுக்கலாம். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மரபணு மட்டும் இருந்து, ஃபெரிட்டின் போதுமான அளவில் இருப்பவருக்கு இரும்பு மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

படி 4: இரும்புதான் என்றால், அது எங்கே போனது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள், அதுதான் ஆபத்து. நாளொன்றுக்கு நம் குடல் உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டர் இரத்தம் போனால் அரை மில்லிகிராம் போய்விடும். கசிவு சின்னதாக இருந்தாலும் தொடர்ந்து இருந்தால் சாப்பாடு ஈடுகட்டாது.

மாதவிடாய் உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான். ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆகவே அடையாளங்களைப் பாருங்கள்: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்றுவது, பெரிய கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது. கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கலாம். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்பது காரணத்தைத் தேடாமல் இருக்கச் சாக்கு ஆகிவிடக் கூடாது.

ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு வந்தால், வேறு காரணம் உறுதிப்படும்வரை வயிற்றிலோ குடலிலோ கசிவு இருப்பதாகவே கொள்ள வேண்டும். குடற்புற்று சில நேரம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும், வலியே இல்லாமல். மூலம் இருக்கிறது, அதில் போயிருக்கும் என்று தாங்களே முடிவு கட்டுவது வேண்டாம். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பிக்கு (குழாய்க் கேமராவால் இரைப்பையையும் பெருங்குடலையும் பார்ப்பது) மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மூட்டுவலிக்குத் தினமும் போடும் வலி மாத்திரைகளைப் பற்றியும், முழங்கால் வலிக்கு என்று வாங்கும் பேர் தெரியாத பொடிகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். அவை இரைப்பையைப் புண்ணாக்கும்.

எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும். மலேசிய ஆய்வுகளில் இது மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்பட்டிருக்கிறது. "கேஸ்ட்ரிக்" என்று காலமெல்லாம் மருந்து குடிப்பவர்கள் இதைச் சோதிக்கக் கேட்கலாம்.

படி 5: அணு பெரியதென்றால்

எம்சிவி 100ஐத் தாண்டினால் பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களையும் பார்க்க வேண்டும். நம்மிடையே இருவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: முழுச் சைவம் சாப்பிடுபவர்கள், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகப் போடும் நீரிழிவு நோயாளிகள். பி12 மாமிசம், மீன், முட்டை, பாலில்தான் உண்டு. பாலும் தயிரும் தாராளமாகச் சேர்க்கும் சைவர் ஓரளவு தப்பிக்கலாம். மெட்ஃபார்மின், குடல் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கிறது. கால் மரத்துப் போனால் உடனே "சர்க்கரை நரம்பு" என்று முடிவு செய்துவிடுகிறோம், பி12 குறைவும் அதே மரமரப்பைத் தரும். வயிற்றுச் சுவரையே உடம்பு தாக்கி, பி12 உறிஞ்ச முடியாமல் செய்யும் ஒரு வகையும் உண்டு. அதற்கு வழக்கமாக ஊசிதான்.

பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

ஃபோலேட்டின் கதையில் நமக்குப் பழக்கமான ஒரு புட்டி வருகிறது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் பஞ்சாலைக் கர்ப்பிணித் தொழிலாளர்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அதை மார்மைட் (ஈஸ்ட் சாறு) குணப்படுத்துவதைக் கண்டறிந்தார். அதில் இருந்த பொருள்தான் பின்னர் ஃபோலேட் என்று அறியப்பட்டது. நம் வீட்டில் கஞ்சியில் கலக்கும் அதே மார்மைட்.

குடிப்பழக்கமும் அணுவைப் பெரிதாக்கும், கல்லீரல் கோளாறும் தைராய்டு குறைவும்கூட. சம்சு (மலிவுச் சாராயம்) குடிப்பவர் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. மருத்துவரிடமாவது சொல்ல வேண்டும்.

படி 6: அளவு இயல்பு, எண் மட்டும் குறைவு

முதலில் சிறுநீரகத்தைப் பாருங்கள். சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொயெட்டின் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. நீரிழிவாலோ இரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகம் தளர்ந்தால் அது குறையும். டயாலிசிஸ் மையங்களில் போடும் "இரத்த ஊசி" இந்த ஹார்மோனின் மருந்து வடிவம். நாள்பட்ட தொற்று, முடக்குவாதம் போன்றவற்றிலும், உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்வதால் இதே மாதிரி எண் குறையும். மூல நோயைக் கவனித்தால்தான் அது ஏறும்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்கு முன்பே உடைந்துபோனால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இவ்வகையில் இங்கே தெரிந்த ஒன்று, பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. அப்படிப் பிள்ளை உள்ள வீட்டில் துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை இருக்கவே கூடாது, அது சிவப்பணுவை உடைக்கும். பிள்ளைக்கு வாங்கும் எந்த மருந்தையும் முதலில் ஃபார்மசிஸ்டிடம் சொல்லி வாங்குங்கள்.

படி 7: இரும்பு மாத்திரையைச் சரியாகப் போடுவது

வகை உறுதியானது, இரும்புதான் என்று தெரிந்தது. சரி, இனி மாத்திரை. வழக்கமான ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். முன்பு நாளுக்கு மூன்று வேளை எழுதினார்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, அடுத்த ஒரு நாளைக்கு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தால் கொடுத்ததில் அதிக பங்கு உடம்பில் சேர்வதாக 2017ல் வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. அதனால் இப்போது நாளுக்கு ஒன்று, அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று பலர் மாறியிருக்கிறார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முழுசாக நிறுத்துவதற்குப் பதில் இதை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் கிளினிக்கில் சொன்னபடியே போடுங்கள், அளவைத் தாங்களே குறைக்க வேண்டாம்.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடோ கொய்யாவோடோ எடுப்பது நல்லது. தே தாரிக்கோடு வேண்டாம். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். தேநீரையே விடுங்கள் என்று சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிக் குடித்தால் போதும். காலையில் நாசி லெமாக்கோடு ஒரு தே, மதிய இலைச் சாப்பாட்டோடு ஒரு தே என்ற பழக்கம்தான் மாற வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டி, நாற்றமடித்தால் அது இரத்தம். மாத்திரைப் புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இரும்பு மாத்திரைகள் சிறு பிள்ளையின் உயிரையே எடுக்கக்கூடியவை.

சாப்பாட்டு விஷயத்தில் நிறம் நம்மை ஏமாற்றுகிறது. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. பேரீச்சம்பழத்தில் சுமார் 1 மில்லிகிராம், அதோடு நிறையச் சர்க்கரை. கோழி ஈரலில் 9 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதுவும் எளிதில் உறிஞ்சப்படும் வகை. இரத்தம் ஊற வேண்டும் என்று கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கிய பாட்டிகள் தப்புச் செய்யவில்லை, ஆட்டு மண்ணீரலில் இரும்பு நிஜமாகவே மிகுதி. கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு நிறுத்த வேண்டும், வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். பினாங்குக்காரர்களுக்குப் பிடித்த கெராங்கிலும் (ஒரு வகைச் சிப்பி) இரும்பு உண்டு. ஆனால் சார் கொய் தியாவில் போடுவது போல அரைவேக்காடாகச் சாப்பிட்டால் ஹெப்படைடிஸ் ஏ வரலாம், நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். சைவர்கள் கீரை, பயறு, கேழ்வரகோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ஏற்கெனவே குறைந்துபோன கையிருப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கடினம்.

படி 8: திரும்பப் பார்ப்பது

மூன்று நான்கு வாரத்தில் மறுபடி எஃப்பிசி எடுங்கள். ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம்வரை ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை, அல்லது கசிவு தொடர்கிறது, அல்லது வகையே வேறு. படி 3க்குத் திரும்புங்கள். ஏறிவிட்டதும் நிறுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. எண் இயல்பான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிவிட்ட கர்ப்பிணிகளுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. இரத்தம் ஏற்றுவதைப் பொதுவாக 7 கிராமுக்குக் கீழ் போனால்தான் யோசிப்பார்கள், இதய நோயாளிகளுக்குக் கொஞ்சம் முன்பே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், தார் போல மலம் போனால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 999 அழையுங்கள்.